மஞ்சள் கோட்டுக்குள் தூளி

“ஏம்மா, நீ தோண்டினதா, செஞ்சதா?”

மந்தாரக்குப்பத்து வைரப் பட்டறையின் வாசலில் காவலாளி கண்ணையன் இப்படிக் கேட்டபோது, மலர்விழி இடுப்பில் கைக்குழந்தையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக நின்றிருந்தாள். நேருக்கு நேர் யார் என்ன கேட்டாலும் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். டீச்சர் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்கும் வகுப்பைவிட, கேள்வியே கேட்காத கல்லும் சக்கரமும் மேல் என்று இங்கே வந்துவிட்டவள். பிரசவத்துக்குப் போய்விட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

“கம்மாபுரம் பக்கங்க,” என்றாள்.

“ஊரக் கேக்கலம்மா. தோண்டினதா செஞ்சதா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு. டிக் போடணும்.”

குழந்தையைத்தான் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். “பெத்ததுங்க.”

கண்ணையன் கையிலிருந்த அட்டையை மேலும் கீழும் பார்த்தார். அதில் அப்படி ஒரு கட்டம் இல்லை. காலையில் வந்திறங்கிய அதிகாரி கேட்கச் சொன்னார், கேட்டார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

“சரி, உள்ள போ. நீ என்னான்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க,” என்றார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது.

பட்டறை என்று பெயரே தவிர, அது ஒரு பழைய கல்யாண மண்டபம். ஏசி மண்டபங்கள் வந்த பிறகு முகூர்த்தம் கிடைக்காமல் கிடந்ததை ஜெயராமன் வாடகைக்குப் பிடித்து, சக்கரங்களைப் போட்டு, சுற்றுவட்டாரத்து ஆண்களையும் பெண்களையும் வேலைக்கு வைத்திருந்தார். சூரத்திலிருந்து பட்டை தீட்டாத கல் பார்சலில் வரும். சுழலும் இரும்புத் தட்டில் எண்ணெயும் வைரத் தூளும் தடவி, கல்லைப் பிடியில் செருகி, முகம் முகமாகத் தேய்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது அமெரிக்காவுக்குப் போய் யாரோ ஒருத்தியின் விரலில் ஏறும். மண்டபத்துக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கூரையில் கை வைக்கக் கூடாது. அதனால் ‘மணமகன் அறை’, ‘மணமகள் அறை’ என்ற பலகைகள்கூட அப்படியே தொங்கின. மணமேடையில் ஜெயராமனின் மேசை இருந்தது.

இரண்டு வருடமாகப் பார்சல் மெலிந்துகொண்டே வந்தது. அமெரிக்காவில் வாங்க ஆளில்லை என்றார்கள். பிறகு வரியை ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். பிறகு அங்கே கல்யாணமே குறைந்துவிட்டது என்றார்கள். இதையெல்லாம் ஜெயராமன் அந்த மணமேடையில் உட்கார்ந்தபடிதான் சொல்லுவார். பட்டறையை மூடிவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த வேளையில் வேறு வகைப் பார்சல் வரத் தொடங்கியது. பூமியைத் தோண்டி எடுக்காமல், மெஷினுக்குள் வைத்து மூன்று வாரத்தில் வளர்த்த வைரம். கூலி குறைவு, ஆனால் கல் நிறைய. ஜெயராமன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். பட்டறை பிழைத்தது. பிழைத்த செய்தி தெரிந்ததும் தென்மண்டல வைரத் தூய்மைப் பேரவை வந்து சேர்ந்தது.

பேரவை கல் வாங்காது, கல் விற்காது, கூலி தராது. ஆனால் அதன் தூய்மைச் சான்றிதழ் இல்லாத பட்டறைக்கு இனிமேல் யாரும் சுரங்கத்துக் கல்லை அனுப்பப் போவதில்லை என்று அது சொன்னது. அதன் தூய்மை அலுவலர் சிவசங்கர், கழுத்தில் ஒரு சின்ன டார்ச்சைத் தொங்கவிட்டிருந்தார். அதை அவர் எரியவிட்டு யாரும் பார்த்ததில்லை. மலர்விழி குழந்தையோடு உள்ளே நுழைந்தபோது அவர் மணமேடையில் மைக்கைப் பிடித்திருந்தார்.

“நண்பர்களே, இயற்கை வைரம் பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பொறுமையாக இருந்தது. ஆய்வக வைரம் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. இரண்டும் ஒன்றுபோல மின்னும். ஒன்றுபோலக் கடினமாக இருக்கும். கண்ணால் பார்த்தால் உங்களுக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு முக்கியமாகிறது.”

ஜெயராமன் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

“பிரித்துக் காட்டும் கருவி இருக்கிறது. விலை அதிகம். அதை வாங்கலாமா என்று ஆராய ஒரு குழு வெளிநாடு போய் வந்திருக்கிறது. குழு போய் வந்த செலவினால் கருவி தள்ளிப்போகிறது. கருவி வரும்வரை கல்லைப் பிரிக்க முடியாது. ஆகவே பேரவை ஆட்களைப் பிரிக்கிறது. இயற்கைக் கல்லைத் தொடுகிறவர்கள் ஒரு பக்கம், ஆய்வகக் கல்லைத் தொடுகிறவர்கள் ஒரு பக்கம். ஆட்களைப் பிரிக்கக் கருவி தேவையில்லை. அதில் நமக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது.”

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மலர்விழி பக்கத்தில் நின்ற செங்கமலத்தைப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய செங்கமலம் அந்தப் பட்டறையின் வாய். யாருக்கும் அடங்காத வாய். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். அப்போது வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணையன்தான் விளக்கம் சொன்னார். முப்பது வருடம் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்து கான்ட்ராக்ட் ஆளாகவே வெளியே வந்தவர் அவர்.

“ஒண்ணுமில்லம்மா. மைன்ஸ் கல்லு பர்மனென்ட். லேப் கல்லு கான்ட்ராக்ட். ரெண்டும் ஒரே வேலதான் பாக்குது. ரேட்டுதான் வேற.”

மண்டபமெங்கும் ஒரு பெருமூச்சு பரவியது. நெய்வேலிப் பக்கத்தில் ஒரு விஷயத்தை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. சிவசங்கருக்கு அந்த விளக்கம் புரியவில்லை. ஆனால் எல்லோரும் தலையாட்டியதால், “ஒரு வகையில் அப்படித்தான்,” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் வினை. மைன்ஸ் சைடு போகிறவர்கள் பர்மனென்ட் ஆகப்போகிறார்கள் என்று மதியச் சாப்பாட்டுக்குள் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, கம்பெனி பஸ் வருமா என்றுகூடக் கேட்டார்கள். மறுநாள் காலையில் ஜெயராமனின் மேசை முன்னால் வரிசை நின்றது. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் பழைய பட்டாவின் ஜெராக்ஸ் இருந்தது.

“இது என்னாத்துக்குப்பா?” என்றார் ஜெயராமன்.

முன்னால் நின்றவன் மலர்விழியின் கணவன் அன்புச்செல்வன். “எங்க அப்பா ஒரு காணி குடுத்திருக்காரு மொதலாளி. நெலம் குடுத்தவங்களுக்குத்தான முன்னுரிம.”

“நெலம் மைன்ஸுக்குத்தானடா குடுத்தாரு? நான் மைன்ஸ் இல்லடா. நான் ஜெயராமன்.”

“மைன்ஸ் சைடுதான கேக்கறன்?”

ஜெயராமன் சிவசங்கர் பக்கம் திரும்பினார். அவர் ஜெராக்ஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். “இயற்கை வைரம் நிலத்திலிருந்து வருகிறது. நிலம் வைத்திருந்த குடும்பத்தின் கைகள் அதைத் தொடுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. யாரை எங்கே உட்கார வைப்பது என்று நேற்று முழுவதும் யோசித்தேன். நீங்களே தீர்த்துவிட்டீர்கள்.”

செங்கமலம் விடவில்லை. “எங்க வூட்ல குடுக்கறதுக்கு நெலம் ஏது சார். அடுத்தவன் நெலத்துல குனிஞ்சதுதான். குனிஞ்சதுக்கு எதுனா பட்டா தருவாங்களா?”

“நீங்கள் ஆய்வகப் பிரிவு,” என்றார் சிவசங்கர்.

நிலம் இருந்த குடும்பத்து ஆட்கள் மணமகன் அறைக்குப் போனார்கள். இல்லாத குடும்பத்து ஆட்கள் மணமகள் அறைக்கு வந்தார்கள். அன்புச்செல்வன் அந்தப் பக்கம், மலர்விழி இந்தப் பக்கம். அவர்கள் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். அவனுடைய அப்பா இன்றைக்கும் மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டின் வாசலை மிதித்ததில்லை. பேத்திக்கு இசைப்பிரியா என்று பெயர் வைத்ததைக்கூட யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

“அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னன் மலரு,” என்றான் அன்புச்செல்வன் அன்று மாலை. “‘பர்மனென்ட் சைடா?’ன்னு கேட்டாரு. நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் எங்கிட்ட அவரு பேசன மொத வார்த்த.”

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, அவளும் சிரித்துவைத்தாள். அப்போது அவளுக்குக் கொக்கி ஞாபகம் வரவில்லை.

மண்டபத்தில் தூளி கட்ட ஒரே ஒரு கொக்கிதான் இருந்தது. எந்தக் காலத்திலோ ஃபேன் தொங்கிய இரும்புக் கொக்கி. அது இருந்தது மணமகன் அறையின் மூலையில். அங்கே வேலை பார்த்த எல்லாப் பெண்களின் குழந்தைகளும் அந்தக் கொக்கியில் ஆடித்தான் வளர்ந்தன. மலர்விழி மறுநாள் பழைய சேலையை அங்கே கட்டி, குழந்தையைப் போட்டுவிட்டுத் தன் அறைக்கு வந்தாள். குழந்தை சிணுங்கியதும் எழுந்து போனாள். மணமகன் அறை வாசலில் சிவசங்கர் கையை நீட்டித் தடுத்தார்.

“உங்கள் துணியில் ஆய்வகத் தூள் இருக்கும். அந்தத் தூளோடு இங்கே வரக் கூடாது.”

“பாப்பா அழுவுதுங்க,” என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. மைன்ஸ் சைடுக்கு நீலக் கோட்டு, லேப் சைடுக்கு மஞ்சள் கோட்டு. மைன்ஸ் சைடுக்கு முன்வாசல், லேப் சைடுக்குச் சமையற்கட்டு வாசல். தண்ணீர் குடிக்க அங்கே எவர்சில்வர் டம்ளர், இங்கே பிளாஸ்டிக் டம்ளர்.

“இந்த வித்தைய எங்க அம்மா காலத்துலயே டீக்கடையில பாத்தாச்சி,” என்றாள் செங்கமலம். “அப்ப அதுக்கு ஒரு ஆபீசர் வச்சி சம்பளம் குடுக்கல, அவ்ளோதான்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசங்கர் மலர்விழியின் வீட்டுக்கே வந்தார். வெவ்வேறு பிரிவில் இருக்கும் இருவர் ஒரே கூரையின் கீழ் இருந்தால் நேரில் பார்க்க வேண்டும் என்று பேரவை சொல்லியிருந்தது. காப்பி வேண்டாம் என்று மறுத்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். சுற்றிப் பார்க்க அதிகம் இல்லை.

“எத்தனை அறை?”

“இது ஒண்ணுதான் சார்,” என்றான் அன்புச்செல்வன்.

“தடுப்பு ஏதாவது உண்டா?”

அன்புச்செல்வன் நாலாபுறமும் பார்த்தான். “பீரோ இருக்கு சார்.”

“பீரோ யாரைப் பார்த்து நிற்கிறது?”

“இவ பாய் போடற பக்கம் சார்.”

“அப்படியென்றால் உங்கள் பக்கம் முதுகு காட்டுகிறது. போதுமான தடுப்பு,” என்று சிவசங்கர் குறித்துக்கொண்டார். போகும்போது, பீரோவைத் திருப்பி வைப்பதாக இருந்தால் பேரவைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றார்.

முதலில் விளையாட்டாகத்தான் அன்புச்செல்வன் பீரோவுக்குப் பின்னால் பாயைப் போட்டான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. “என்னாங்க இது?” என்று அவள் கேட்டதற்கு, “சான்றிதழ் வர்ற வரைக்கும்தான் மலரு. எவனாச்சும் போட்டுக் குடுத்துட்டான்னா?” என்றான். எவன் வந்து பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

குழந்தையின் விஷயம் பேரவையை நிஜமாகவே திணறடித்தது. அப்பா மைன்ஸ் சைடு, அம்மா லேப் சைடு. குழந்தை எந்தப் பக்கம்? சிவசங்கர் இதற்காகத் தனியாக விசாரணை வைத்தார். மணமேடையில் அவர் உட்கார, கீழே மலர்விழி குழந்தையோடு நின்றாள். அவளுக்குப் பேச்சு வராது என்று செங்கமலம் துணைக்கு நின்றாள்.

“பிரசவம் எப்படி?”

“ஆபரேஷன் சார்,” என்றாள் செங்கமலம்.

“அதாவது இயற்கையாக இல்லை.” அவர் எழுதினார். “குறித்த நாள், குறித்த நேரம், மேலே விளக்கு, கையுறை போட்ட நிபுணர்கள். ஆய்வகம்தான்.”

“நீங்க எப்பிடி சார் பொறந்தீங்க?”

“அது பேரவையின் வரம்புக்குள் வராது.”

குழந்தை லேப் சைடு என்று முடிவானது. ஆனால் கொக்கி மைன்ஸ் சைடில் இருந்தது. கூரையில் கை வைக்கக் கூடாது என்பதால் புதுக் கொக்கி அடிக்க வழியில்லை. சிவசங்கர் ஒரு நாள் முழுக்க மூலையில் நின்று யோசித்தார். பிறகு மஞ்சள் பெயிண்ட் வாங்கிவரச் சொல்லி, தூளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டக் கோடு போடவைத்தார். கோட்டுக்கு உள்ளே லேப் சைடு, வெளியே மைன்ஸ் சைடு.

“பிரச்சனை தீர்ந்தது,” என்றார்.

தீர்ந்ததன் விளைவு இதுதான். மலர்விழி தூளிக்குப் போகலாம், ஆனால் போகும் வழியில் மைன்ஸ் சைடுத் தரை இருக்கிறது, அதை மிதிக்கக் கூடாது. அன்புச்செல்வன் தூளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், ஆனால் கோட்டுக்குள் கை நீட்டக் கூடாது. எந்தப் பக்கத்தையும் சேராத ஆள் கண்ணையன் ஒருவர்தான்.

“நான் ஏஜென்சி ஆளு சார். எனக்கு எந்த சைடும் கெடையாது. எப்பவும் கெடையாது,” என்று அவரே சொன்னார். சிவசங்கர் அவரை ‘சார்பற்ற ஊர்தி’ என்று பதிவு செய்துகொண்டார்.

ஆகவே குழந்தை அழுதால் அன்புச்செல்வன் எழுந்து போய் கண்ணையனைக் கூப்பிடுவான். கண்ணையன் கேட்டைப் பூட்டி, விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, குழந்தையைத் தூக்கி மணமகள் அறை வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பார். மலர்விழி பால் கொடுத்து முடித்ததும் அதே வழியில் திரும்பக் கொண்டுபோவார். வாசலில் லாரி நின்றாலோ, அவர் டீ குடிக்கப் போயிருந்தாலோ குழந்தை அழுதுகொண்டே இருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் மலர்விழி சக்கரத்தில் கல்லை அழுத்தியபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ரவிக்கை நனைந்து அவள் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் ஈரம் படரும். கண்டபடி அழுத்தியதில் ஒரு நாள் கல் மூளியாகிவிட்டது.

“போயித் தூக்கிகினு வாடி,” என்றாள் செங்கமலம். “என்னா பண்ணிடுவான்?”

“வேல போயிடுங்க்கா.”

அது உண்மை. அந்த மாதங்களில் வீட்டில் உலை வைத்தது அவள் கூலிதான். மைன்ஸ் சைடுக்குக் கல்லே வரவில்லை. கல் வந்தால்தான் கூலி. நீலக் கோட்டுக்காரர்கள் காலையில் வந்து, ஓடாத சக்கரங்களின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சாயங்காலம் எழுந்து போனார்கள். இந்தப் பக்கம் லேப் கல் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஆள் போதவில்லை.

ஜெயராமன் மணமகன் அறை வாசலில் நின்று கெஞ்சினார். “யப்பா, சும்மாதான உக்காந்துகினு இருக்கீங்க. ஆளுக்குக் கொஞ்சம் லேப் கல்லு எடுத்துத் தேய்ங்கப்பா. பார்சல் அனுப்பணும்.”

“அது எப்பிடி மொதலாளி,” என்றான் அன்புச்செல்வன். “பர்மனென்ட் ஆளு கான்ட்ராக்ட் வேல பாப்பானா?”

ஜெயராமன் சிவசங்கரிடம் போய் நின்றார். சிவசங்கர் சிரித்தார். “கல் இல்லாமல் காத்திருப்பதும் தூய்மைதான். சொல்லப்போனால் கல் இருக்கும்போதுதான் தூய்மைக்கு ஆபத்து. உங்கள் இயற்கைப் பிரிவில் இதுவரை ஒரு கலப்புகூட நடக்கவில்லை. தென்மண்டலத்திலேயே சிறந்த அறை அது.”

அந்தச் சிறந்த அறைக்குச் சான்றிதழ் கொடுக்கும் நாளும் வந்தது. மணமேடையில் புதுத் துணி விரித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஸ்டூடியோவிலிருந்து போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தான். கண்ணையன் வாசலை விட்டு ஓர் அடிகூட நகரக் கூடாது, விருந்தினர் யாராவது வந்தால் சல்யூட் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. விருந்தினர் யாரும் வரவில்லை. மைக்கில் சிவசங்கர் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏற்றுமதி குறைந்துவிட்டது என்று சிலர் கவலைப்படுகிறார்கள். ஏற்றுமதி குறையலாம். கூலி குறையலாம். பட்டறைகள் குறையலாம். பேரவையின் விதிகள் மட்டும் ஒருபோதும் குறையவில்லை. போன வருடத்தைவிட இந்த வருடம் இரண்டு மடங்கு விதி போட்டிருக்கிறோம். ஒரு தொழில் பிழைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?”

அப்போது தூளியில் இசைப்பிரியா அழத் தொடங்கினாள்.

முதலில் சிணுங்கல். பிறகு வீறிட்ட அழுகை. சிவசங்கர் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொண்டார். மலர்விழி மணமகள் அறை வாசலுக்கு வந்து நின்றாள். எதிரே, திறந்திருந்த மணமகன் அறைக்குள் தூளி துள்ளுவது தெரிந்தது. அதற்குக் கையெட்டும் தூரத்தில், சலவை செய்த நீலக் கோட்டோடு அன்புச்செல்வன் உட்கார்ந்திருந்தான்.

“ஏங்க,” என்று கூப்பிட்டாள். “தூக்கிக் குடுங்க.”

அவன் வாயில் விரலை வைத்துக் காட்டினான்.

“கண்ணையண்ணன் வர மாட்டாரு. நீங்களே தூக்குங்க. விக்கி விக்கி அழுவுது பாருங்க.”

அவன் எழுந்து வாசல்வரை வந்தான். “கொஞ்ச நேரம் பொறுத்துக்க மலரு. சான்றிதழ் குடுத்துட்டாங்கன்னா முடிஞ்சிது. அப்பா வேற இன்னிக்கி வூட்டுக்கு வர்றன்னு சொல்லியிருக்காரு. இவ்ளோ நாள் இருந்துட்டு இப்பப் போயி கோட்டத் தாண்டச் சொல்றியே.”

“பசிக்குதுங்க அதுக்கு.”

“எனக்குத் தெரியாதா,” என்றான் அவன். ஆனால் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

குழந்தையின் அழுகை திடீரென்று நின்றது. மூச்சு பிடித்துக்கொண்டதில் வந்த நிறுத்தம் அது. மலர்விழி அந்த நிறுத்தத்துக்குள் நடைபாதையைத் தாண்டி, மைன்ஸ் சைடுத் தரையை மிதித்து, கோட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். குழந்தை மூச்சை இழுத்து வீறிட்டது. அவள் அங்கேயே, ஓடாத ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தாள்.

சிவசங்கர் மைக்கை அணைத்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து அறையின் வாசலில் நின்றார். நீலக் கோட்டுக்காரர்கள் எல்லோரும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள்.

“இந்த அறையில் இப்போது கல் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சார்,” என்றார் ஜெயராமன். “வந்து மாசக்கணக்காவுது.”

“கல் இல்லை என்பது தற்காலிகம். தூய்மை நிரந்தரம். ஆய்வகத் தூளோடு ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார். விதிப்படி இந்த அறையும், இதிலுள்ள ஆட்களும், சக்கரங்களும் இந்த நொடியிலிருந்து ஆய்வகப் பிரிவு.”

“அப்ப நானு?” என்றான் அன்புச்செல்வன்.

“நீங்களும்தான்.”

ஜெயராமனின் முகம் மலர்ந்துவிட்டது. அதை மறைக்கத் துண்டால் துடைத்துக்கொண்டார். “அப்ப இனிமே எல்லாரும் லேப் கல்லு தேய்க்கலாம். ரெண்டு அறையும் ஒண்ணுதான். அப்பிடித்தான சார்?”

சிவசங்கர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “எல்லோரும் ஒன்று என்றால் தூய்மையை எதை வைத்து அளப்பது?”

சிவசங்கர் அறைக்குக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு மேடைக்குப் போய் மைக்கைப் போட்டார். “நண்பர்களே, ஆய்வகப் பிரிவு இன்றுமுதல் இரண்டாகப் பிரிகிறது. தொடக்கம் முதல் ஆய்வகமாகவே இருந்தவர்கள் தூய ஆய்வகம். இன்றைக்குத் தொற்றி ஆய்வகமானவர்கள் கலந்த ஆய்வகம். சான்றிதழ் தூய ஆய்வகத்துக்குச் செல்கிறது.”

“மலரு?” என்றாள் செங்கமலம். “அவதான சார் தாண்டிப் போனது?”

“அவர் போன இடத்தில் கல்லே இல்லாததால் அவர்மேல் எதுவும் ஒட்டவில்லை. அவரிடமிருந்துதான் அங்கே ஒட்டியது. ஆகவே அவர் முன்னைப் போலவே தூய்மையாக இருக்கிறார். சொல்லப்போனால் இந்த அறையையே மாற்றும் அளவுக்குத் தூய்மை அவரிடம் இருந்திருக்கிறது.” போட்டோக்காரன் நேரமாகிறது என்று கடிகாரத்தைக் காட்டினான். “சான்றிதழை அவரே பெற்றுக்கொள்ளட்டும்.”

மலர்விழியை எழுப்பி மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். குழந்தை தோளில் அயர்ந்துவிட்டிருந்தது. கண்ணாடிச் சட்டத்தை அவள் கையில் திணித்தார்கள். போட்டோக்காரன் நிமிர்ந்து பார்க்கச் சொன்னான். அவள் பார்த்தாள்.

“குழந்தையை இனிமே எங்க போடறது சார்?” என்று ஜெயராமன் மெல்லக் கேட்டார்.

“தாய் தூய ஆய்வகம். குழந்தையும் தூய ஆய்வகம். கொக்கி கலந்த ஆய்வகத்தில் இருக்கிறது,” என்றார் சிவசங்கர். “மஞ்சள் கோடு அப்படியே இருக்கட்டும். நல்ல ஏற்பாடு. கண்ணையன் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு வருவார்.” மைக்கை அவள் பக்கம் நீட்டினார். “இரண்டு வார்த்தை பேசுங்கள் அம்மா. பேரவையைப் பற்றி.”

பட்டறை முழுக்க அவளைப் பார்த்தது. மேடையின் ஓரத்துக்கு அன்புச்செல்வன் வந்துவிட்டிருந்தான். கோட்டின் முதல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

“மலரு,” என்றான் தாழ்ந்த குரலில். “என்னையும் உன் சைடுல சேக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க. அப்பா வர்ற நேரம். ஒரே ஒரு வார்த்த சொல்லு மலரு.”

மைக் அவள் வாய்க்கு நேராக இரைந்துகொண்டிருந்தது. அவளுடைய மூச்சு ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. மலர்விழி சட்டத்தை நாற்காலியில் பழையபடி சாய்த்து வைத்தாள். மேடையிலிருந்து இறங்கி மணமகன் அறைக்குள் போனாள். ஒற்றைக் கையால் கொக்கியிலிருந்து சேலையை அவிழ்த்தாள். மஞ்சள் கோட்டைக் கழற்றி அங்கேயே போட்டாள். அந்தச் சேலையால் குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அன்புச்செல்வன் பின்னாலேயே வந்து தரையில் போட்ட கோட்டுக்கு வெளியே நின்றான். வலது காலைத் தூக்கினான். தூக்கிய காலோடு சிவசங்கரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு காலை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

அவள் அவனைக் கடந்து, செங்கமலத்தைக் கடந்து, நீலக் கோட்டுக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். கண்ணையன் யாரோ விருந்தினர் என்று நினைத்து சல்யூட் அடித்தார். அடித்த கையை இறக்காமலே, “எங்கம்மா போற?” என்று கேட்டார். மலர்விழி கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள்.